எலியா படுத்துறங்கிய செடி

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் மறையுரை மேடைகளிலும் சமய இதழ்களிலும் பாலைநிலம் தவறாமல் வந்து சேர்கிறது. அதற்கு வழங்கப்படும் பொருளும் ஆண்டுதோறும் ஒன்றே. பாலை என்றால் வெறுமை. வெறுமை என்றால் மனிதன் தன் இறைவனோடு தனித்திருக்கும் இடம். அந்தப் பாலையில் மணல் உண்டு, வெயில் உண்டு, சாத்தானும் உண்டு. ஓர் ஓணான்கூட அதன் குறுக்கே ஓடுவதில்லை. நம் கிறித்தவத் தமிழ் உரைநடையில் நிலைபெற்றுவிட்ட இந்த உயிரற்ற பாலையை, விவிலியத்தை எழுதியவர்கள் காலால் நடந்து அறிந்த பாலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை திறனாய்வுக்கு உண்டு.

மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்கலாம். இயேசுவின் சோதனையை மத்தேயுவும் லூக்காவும் விரிவாக வரைகின்றனர். கல், அப்பம், கோவிலின் உச்சி, உலக அரசுகள் என்று உரையாடல் நீள்கிறது. மாற்கு அதை இரண்டே வசனங்களில் முடித்துவிடுகிறார். அவ்வளவு சுருக்கத்திலும் மற்ற இருவரும் சொல்லாத ஒரு செய்திக்கு அவர் இடம் வைக்கிறார்: இயேசு அங்கே காட்டு விலங்குகளிடையே இருந்தார் (1:13). ஆபத்தைக் காட்டவே விலங்குகள் வருகின்றன என்பர் சிலர். ஏதேன் தோட்டத்தின் நட்பு மீண்டதைக் காட்டுகின்றன என்பர் வேறு சிலர். இரு விளக்கங்களும் ஆழமானவையே. ஆயினும் அவை என்ன விலங்குகள் என்று கேட்பார் அரியர். முதல் நூற்றாண்டின் யூதேயப் பாலையில் சிறுத்தை, ஓநாய், கழுதைப்புலி, நரி, வரையாடு ஆகியவை வாழ்ந்தன. நாற்பது நாள் அங்கே தங்கிய ஒருவரின் இரவுகள் அமைதியானவையாக இருந்திருக்க முடியாது.

நம்மவர் எழுதும் புனித நாட்டுப் பயண நூல்களும் இக்குறையைப் போக்கவில்லை. குளிரூட்டப்பட்ட பேருந்து எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிவிட அரைமணி நேரம் போதும். கண்ணாடிக்கு அப்பால் ஓடும் பழுப்பு நிற மலைகளைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, நல்ல சமாரியர் உவமையை நினைவுகூர்ந்துவிட்டு, நூலாசிரியர் யோர்தான் கரைக்குச் சென்றுவிடுகிறார். அந்த நிலம் நடப்பவர்க்கு மட்டுமே தன்னைக் காட்டும் இயல்புடையது. எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாக்கடலின் கரையோ 430 மீட்டருக்கும் கீழே. 25 கிலோமீட்டர் அளவான தொலைவுக்குள் இத்தனை இறக்கம். மேற்கேயிருந்து வரும் மேகங்கள் மலைமுகட்டிலேயே கறந்துவிடுவதால், அங்கே ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை கடலோரத்தில் 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. காலையில் ஒலிவ மரங்களிடையே புறப்பட்டவர் மாலையில் வேல மரத்தின் நிழலைத் தேடிக்கொண்டிருப்பார். இவ்விரண்டுக்கும் இடையே அவர் கடக்கும் ஒவ்வொரு காட்டாற்றுப் படுகையிலும் செடியும் விலங்கும் மாறிக்கொண்டே வரும்.

அப்படி நடந்து பார்த்து எழுதியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி பேக்கர் டிரிஸ்ட்ராம் (1822–1906). இங்கிலாந்து திருச்சபையின் குருவான இவர் உடல்நலம் தேடி வட ஆப்பிரிக்காவுக்குச் சென்று சகாராவில் அலைந்தார்; பின்னர் 1863, 1864ஆம் ஆண்டுகளில் பாலஸ்தீன நாட்டைச் சுற்றினார். சகாராவின் வானம்பாடிகள் தாம் வாழும் மண்ணின் நிறத்தையே பூண்டிருப்பதைக் கண்டு, டார்வின், வாலஸ் ஆகியோரின் கருத்தை அதற்குப் பொருத்தி 1859இல் எழுதினார். டார்வினின் பெருநூல் அப்போது வெளிவந்திருக்கவில்லை. 1867இல் விவிலியத்தின் இயற்கை வரலாறு பற்றிய அவருடைய நூல் வந்தது. மறைநூலில் பெயர் சொல்லப்படும் ஒவ்வொரு செடியையும் விலங்கையும் பறவையையும் எடுத்துக்கொண்டு, அந்நாட்டில் தாம் கண்டதோடு ஒப்பிட்டு முடிவு கூறும் நூல் அது. அவருடைய பெயரைத் தாங்கிய பறவை ஒன்று இன்றும் சாக்கடற்கரையில் சீழ்க்கையடித்துத் திரிகிறது: நம் மைனாவின் உறவு, கருநிறம், பறக்கும்போது சிறகில் செம்பழுப்பு ஒளிரும். பறவைகளை அவர் நேசித்தார், ஆனால் அக்கால வழக்கப்படி துப்பாக்கியோடு நேசித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டிரிஸ்ட்ராமின் முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு விலங்கு எது என்று கண்டுபிடித்தவுடன் அவருக்கு மனநிறைவு வந்துவிடுகிறது. கவிஞன் அதை ஏன் அந்த இடத்தில் கொண்டுவந்தான் என்ற கேள்விக்கு அவர் அடிக்கடி போவதில்லை. அந்தக் கேள்வியை நம் கைவசமுள்ள தமிழ் விவிலியங்களை வைத்துக்கொண்டு நாமே கேட்டுப் பார்க்கலாம்.

ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா, பெயேர்செபாவுக்குத் தெற்கே பாலையில் ஒரு நாள் நடந்து, ஒரு செடியின் அடியில் அமர்ந்து, சாவை வேண்டிப் படுத்துறங்குகிறார் (1 அரசர் 19). செடியின் எபிரேயப் பெயர் ரோத்தெம். புரோட்டஸ்டாண்டு சபைகளின் பழைய மொழிபெயர்ப்பும் சரி, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் சரி, இதைச் சூரைச் செடி என்கின்றன. சூரை நமக்குத் தெரிந்த செடி. கொக்கிபோல் வளைந்த முள், கரிய சிறு பழம், வேட்டியைப் பிடித்தால் விடாத குணம். ஆகவே தமிழ் வாசகரின் மனத்தில் முட்புதர் ஒன்றின் கீழ் ஒண்டிக்கிடக்கும் இறைவாக்கினரின் படமே எழுகிறது. ரோத்தெமுக்கோ முள்ளே கிடையாது. விளக்குமாற்றுக் குச்சிகளைக் கொத்தாக நட்டுவைத்தாற்போல் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் புதர் அது. இலைகள் மிகச் சிறியவை. தோன்றிய சிறிது நாளில் உதிர்ந்துவிடும். நீர் வீணாகாதபடி பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. வேர் வெகு ஆழத்துக்குப் போகும். குளிர்கால மழைக்குப் பின் புதர் முழுவதும் வெண்ணிறப் பூக்கள். காட்டாற்றுப் படுகை மணக்கும். பெயேர்செபாவுக்குத் தெற்கே இறங்கும் படுகைகளில் நடப்பவர்க்கு வெயிலில் ஒதுங்க இதைத் தவிர வேறு நிழல் பல இடங்களில் இல்லை. அதுவும் சல்லடை நிழல்தான்.

இந்தச் செய்தி அறிந்தபின் அப்பகுதியை மீண்டும் வாசித்தால் காட்சி மாறுகிறது. தன்னை வருத்திக்கொள்ள முள்ளைத் தேடியவர் அல்லர் எலியா. சாவை வேண்டும் நேரத்திலும் உடல் நிழலைத் தேடுகிறது. விழித்தெழும்போது தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம் இருக்கிறது. பாலைவாசிகள் விறகாக விரும்பும் செடிகளுள் ரோத்தெம் முதன்மையானது. அதன் கரி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். 120ஆம் திருப்பாடல் வஞ்சக நாவுக்குரிய தண்டனையைச் சொல்லும்போது இந்தச் செடியின் தழலைத்தான் சொல்கிறது. எலியாவுக்கு நிழல் தந்த செடியே அவருடைய அப்பத்துக்கு நெருப்பும் தந்தது என்று எண்ண இடமுண்டு. வானதூதர் வந்தார், ஆனால் சமையல் அந்நிலத்து விறகில்தான் நடந்திருக்கிறது. சூரை என்ற சொல்லில் இந்த இழை அறுந்துபோகிறது.

இதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. சிரியாவின் கால்கிஸ் பாலையில் தேள்களும் விலங்குகளும் தமக்குத் துணையாக இருந்தன என்று எழுதிய புனித எரோணிமுசே, பெத்லகேமில் அமர்ந்து இலத்தீன் விவிலியத்தைச் செய்தபோது, இச்செடியை ஜூனிப்பர் ஆக்கிவிட்டார். ஊசியிலை கொண்ட குளிர்மலைச் செடி அது. ஆங்கிலேயரின் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் அவர் வழியிலேயே சென்றது. அவற்றோடு ஒப்பிட்டால், வறண்ட நிலத்துப் புதர் ஒன்றைத் தேர்ந்த நம்மவர் உண்மைக்கு நெருக்கமாகவே நின்றனர்.

தமிழ் மொழிபெயர்ப்பு முழுவெற்றி கண்ட இடமும் உண்டு. 104ஆம் திருப்பாடலின் 18ஆம் வசனத்தில் உயர்ந்த மலைகள் ஒரு விலங்குக்கும் பாறைகள் மற்றொன்றுக்கும் உரியவையாகச் சொல்லப்படுகின்றன. முதல் விலங்கு நூபிய மலையாடு. பின்னோக்கி வளைந்த நெடுங்கொம்பும் தாடியும் உடையது. தமிழில் அது வரையாடு ஆயிற்று. நம் வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையும் பனியும் மிக்க புல்வெளிகளில் வாழ்வது. உயிரியல்படி வேறு இனம். ஆனால் வரை என்னும் சொல்லில் செங்குத்து மலையும் அதில் கால் பிசகாமல் நிற்கும் ஆடும் ஒருங்கே வந்துவிடுகின்றன. அடிக்குறிப்பு எதுவும் இல்லாமலே தமிழருக்குப் பொருள் விளங்குகிறது.

இரண்டாம் விலங்கின் பெயரில் அத்தகைய பொருத்தம் இல்லை. குழிமுயல் என்று நாம் வாசிப்பது எபிரேயத்தில் ஷாபான். முயலுமன்று, குழி பறிப்பதுமன்று. பெருச்சாளியைவிடப் பெரிய, வாலில்லாத, பழுப்புநிற விலங்கு. உருவத்தில் கொறிவிலங்கு போல் தோன்றினாலும் உயிரியலார் இதன் நெருங்கிய உறவாகக் காட்டுவது யானையையும் கடற்பசுவையும்! பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும். காலையில் வெளியே வந்து வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்ளும். ஈரமான உள்ளங்கால் வழுக்குப் பாறையைப் பற்றிக்கொள்ள உதவும். ஒன்று காவல் நிற்க, பருந்தின் நிழல் தெரிந்தவுடன் அதன் கூச்சலில் கூட்டமே மறைந்துவிடும். நீதிமொழிகள் நூல் (30:26) இதை வலிமையற்றது, ஆயினும் ஞானமுடையது என்று போற்றுவதன் காரணம், இந்தக் கூச்சலைக் கேட்டவர்க்கு உடனே புரியும்.

சாக்கடற்கரையிலுள்ள ஏன்கேதி ஊற்றுக்கு நடந்து செல்பவர்கள் இவ்விரு விலங்குகளையும் பெரும்பாலும் ஒரே பாறைச்சரிவில் காண்கின்றனர். மேலே ஆடுகள், கீழே இடுக்குகளில் ஷாபான்கள், சில வேளைகளில் ஆட்டின் முதுகில் அமர்ந்து உண்ணி கொத்தும் டிரிஸ்ட்ராமின் மைனா. எபிரேயக் கவிதையின் இணைவரி உத்தியைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். இந்த வசனத்தின் இணைப்பு உத்தியிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்தவனின் கண்ணிலிருந்து பிறந்தது. தாவீது சவுலுக்கு மறைந்திருந்த குகைகளும் இப்பகுதியைச் சேர்ந்தவையே.

உடன்படிக்கைப் பேழை செய்யப்பட்ட மரத்தைத் திருவிவிலியம் சித்திம் என்று ஒலிபெயர்த்துவிட்டது. வாசகர் அதை ஏதோ அரிய தேவலோகத் தேக்கு என்றே கருதிக்கொள்கிறார். அது வேல மரம். சீனாய்ப் பாலையிலும் சாக்கடல் பள்ளத்தாக்கிலும் குடைபோல் விரிந்து நிற்கும் அதன் வடிவத்தை, நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளின் உடை மரத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மனத்தில் காணலாம். ஆடு மேய்ப்பவர் ஒதுங்கும் மரம், அடுப்புக்கு வெட்டும் மரம்: இறைவனின் பேழைக்கு அந்நிலத்தில் கிடைத்தது அதுதான். இந்த எளிமையே ஒரு மறையுரைக்குப் போதுமான பொருள். அதன் கிளைகளில் ஒட்டி வாழும் புல்லுருவி ஒன்று சிவப்பாகப் பூத்து நிற்க, தேன்சிட்டுகள் அதை மொய்ப்பதுண்டு. மோசே கண்ட எரியும் புதர் இதுவே என்று விளக்கியவர்களும் உள்ளனர். ஆடு மேய்த்து ஆண்டுகள் பல கழித்த மோசேக்குப் புல்லுருவியைத் தெரியாதிருந்தது என்று நம்ப நம்மால் இயலவில்லை.

மறையுரையாளர்களுக்கு மிகவும் பிடித்த பாலைச்செடி எரிகோ ரோசா என்று அழைக்கப்படும் சிறு செடி. காய்ந்து சுருண்டு கைப்பிடி அளவு உருண்டையாகக் கிடக்கும். நீரில் இட்டால் சில மணி நேரத்தில் விரிந்துவிடும். உயிர்ப்பின் அடையாளம் என்று கூறி இதைக் காட்டுவார்கள். உண்மையில் அந்தச் செடி உயிர்த்தெழுவதில்லை. அது செத்தது செத்ததுதான். நீர்பட்ட நார் விரிகிறது, உலர்ந்தால் மூடுகிறது, அவ்வளவே. ஆனால் உண்மையை அறிந்தபின் உவமை சிறுத்துப்போகாமல் பெரிதாகிறது. செத்த தாய்ச்செடி தன் விதைகளை மூடிய கிளைகளுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்துவைக்கிறது. மழைத்துளி வந்து தட்டும்போது சில விதைகளை மட்டும் விடுகிறது. எஞ்சியவை அடுத்த மழைக்கு. மடிந்தால்தான் மிகுந்த விளைச்சல் என்று ஆண்டவர் கோதுமை மணியைக் காட்டிச் சொன்னாரே (யோவான் 12:24), அதற்கு இதைவிட நெருங்கிய விளக்கம் வேண்டியதில்லை. சாக்கடற்கரையின் சோதோம் ஆப்பிளும் இத்தகையதே. தொட்டால் சாம்பலாகும் கனி என்று யோசேப்பு வரலாற்றாசிரியர் எழுதியதைப் பாவத்தின் வெறுமைக்கு உவமையாக்கியோர் பலர். அச்செடி நம் எருக்கின் உடன்பிறப்பு என்று தெரிந்தால், அந்தக் காற்றடைத்த காய்க்குள் இருப்பது சாம்பலன்று, பட்டுப்பஞ்சோடு பறக்கக் காத்திருக்கும் விதை என்று நம் ஊர்ச் சிறுவனும் சொல்லிவிடுவான்.

செடிகளின் பெயரை விட்டு நிலத்தின் பெயருக்கு வருவோம். பழைய மொழிபெயர்ப்பு வனாந்தரம் என்றது. காட்டின் உட்பகுதி என்பது அச்சொல்லின் பொருள், பிழையென்றே கொள்ளலாம். ஆனால் வனாந்தரத்தில் விலங்குகள் இருப்பது எவருக்கும் வியப்பளிக்காது. திருவிவிலியம் பாலைநிலம் என்று மாற்றியபோது புவியியல் திருந்தியது. விலங்குகள் மனக்கண்ணிலிருந்து மறைந்தன. இதற்குப் பொறுப்பு சொல்லின் மீதன்று, அதை நாம் மறந்த விதத்தின் மீது. தமிழர் அந்த நிலத்துக்கு ஒரு மரத்தின் பெயரையே வைத்தனர். அது எந்த மரம் என்பதில்தான் அறிஞரிடையே கருத்து வேறுபாடு. சங்கப் பாடல்களின் பாலையில் பருந்தும் செந்நாயும் பல்லியும் கள்ளியும் நிறைந்திருக்கின்றன. பிடியின் பசிதீர யாமரத்தின் பட்டையை உரிக்கும் களிறும் இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகாரத்தின் கருத்தோ யூதேயப் பாலைக்கு அப்படியே பொருந்துவது. கோடையில் கருகிக் கிடக்கும் அந்தச் சரிவு குளிர்கால மழைக்குப் பின் சில வாரங்களுக்கு மேய்ச்சல் நிலமாகிவிடும். எபிரேயரின் மித்பார் என்ற சொல்லையே மந்தை ஓட்டிச் செல்லும் வெளி என்ற பொருளோடு தொடர்புபடுத்துவர்.

இதை மறந்ததால் நம் விளக்கவுரைகள் இடறிய இடம் லூக்கா 15. தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பாலையில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயர், மற்றவற்றைச் சாகவிட்டாரா என்று கேட்டு, கடவுளின் அன்பு கணக்குப் பார்க்காது என்று விடை சொல்வது வழக்கமாகிவிட்டது. விடை அழகானது, கேள்விதான் தவறு. அவர் ஆடுகளை விட்டது மேய்ச்சலில். ஐயாயிரம் பேர் உண்ட தனிமையான இடத்தில் பசும்புல் இருந்தது என்று மாற்கு (6:39) எழுதுவதும் இவ்வாறே கண்ணால் கண்டவரின் சொல்லாக நிற்கிறது.

எளிய மக்களின் பக்தி இதில் கட்டுரையாளர்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது. எகிப்தியப் பாலையின் துறவியான புனித அந்தோனியாரை நம்மவர் வனத்து அந்தோனியார் என்றனர். காலடியில் பன்றியோடு நிற்கும் அவரிடம், சனவரி 17ஆம் நாள் திருவிழாவையொட்டி, சில ஊர்களில் மாடுகளைக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்கின்றனர். அவருடைய வாழ்க்கையை எழுதிய புனித அத்தனாசியு, பேய்கள் விலங்குருவில் வந்ததையே மிகுதியாகப் பேசுகிறார். எனினும் அவர் நூலிலும் ஒரு காட்சி உண்டு: தண்ணீர் தேடிவந்து தம் தோட்டப் பயிரைக் கெடுத்த விலங்குகளுள் ஒன்றை அந்தோனியார் மெல்லப் பிடித்து, உங்களுக்கு நான் தீங்கு செய்யாதிருக்க நீங்கள் எனக்கு ஏன் செய்கிறீர்கள் என்ற பொருள்பட நியாயம் கேட்கிறார். பேய்க்கதைகளை எல்லாம்விட இக்காட்சியே நம் மனத்தில் தங்குகிறது.

நம் காலத்துக்கு நெருங்கிய சான்று புனித சார்லஸ் தெ ஃபுக்கோ. 1916 திசம்பர் முதல் நாள் தமன்ராசெட்டில் கொல்லப்பட்டு, 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட இவரைத்தான் பாலையின் வெறுமைக்குச் சான்றாக மிகுதியும் காட்டுகின்றனர். அவர் சகாராவில் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியது என்ன? துவாரெக் மக்களின் மொழிக்கு ஓர் அகராதி. அவர் இறந்து நெடுநாள் கழித்து, 1951, 1952ஆம் ஆண்டுகளில், நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. மேய்ச்சல், ஒட்டகம், நீர்நிலை, புல், முள், பூச்சி என அம்மக்கள் பெயரிட்டழைத்த அனைத்தும் அதில் இடம்பெற வேண்டியிருந்தது. வெறுமையில் வாழ்ந்தவருக்கு அத்தனை சொற்கள் எங்கிருந்து கிடைத்தன என்ற கேள்விக்கு நம் தியான நூல்கள் விடை சொல்வதில்லை.

பாலையை அச்சத்தோடும் இழப்போடும் பேசுவதும் விவிலிய மரபே. இணைச்சட்டமும் எரேமியாவும் அவ்வாறு பேசுகின்றன. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 ஏப்ரல் 24இல் தம் பணியேற்புத் திருப்பலியில் அகப்பாலைகள் பெருகியதால் புறப்பாலைகளும் பெருகுகின்றன என்று கூறியது பலமுறை எடுத்தாளப்படுகிறது. அங்கே அவர் கருதியது மனிதன் சுரண்டிப் பாழாக்கிய நிலத்தை. அத்தகைய நிலமும் இறைவன் படைத்த பாலையும் ஒன்றல்ல. வெட்டி அழிக்கப்பட்ட நிலத்தில் ஷாபான் கூவாது. இரண்டையும் ஒரே சொல்லால் குழப்பிக்கொண்டால், பாலை எப்படியும் பாழ்தானே, அங்கே எதைக் கொட்டினால் என்ன, எதை அழித்தால் என்ன என்ற எண்ணத்துக்கு நம் பக்தி இலக்கியமும் துணைபோகும்.

யோபு நூலின் 39ஆம் அதிகாரத்தில் இறைவன் காட்டுக்கழுதையைப் பற்றிக் கேட்கிறார்: அதைக் கட்டவிழ்த்து உரிமையோடு ஓடவிட்டது யார்? சிரியப் பாலையின் அந்தக் காட்டுக்கழுதை 1920களின் இறுதியில் உலகிலிருந்தே மறைந்தது. துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் அதைத் துரத்தி முடித்தன. பாரசீகத்தையும் துருக்மேனியாவையும் சேர்ந்த அதன் உறவினங்களின் வழிவந்த ஒரு மந்தையை 1982 முதல் நெகேவ் பாலையிலுள்ள ராமோன் பள்ளத்தில் சிறிது சிறிதாக விடுவித்தனர். அதன் வழித்தோன்றல்கள் இன்று அங்கே திரிகின்றன. அந்த அதிகாரத்துக்கு விளக்கம் எழுதும் நம் அருள்பணியாளர்கள் இச்செய்திக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

திருவிவிலியத்தின் அடுத்த திருத்தப் பதிப்பில் சூரையை மாற்ற வேண்டும் என்று நாம் கோரவில்லை. பழகிய சொல் அப்படியே இருக்கட்டும். 1 அரசர் 19:4இன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: முள்ளற்ற, வெண்பூப் பூக்கும் பாலைப் புதர், இதன் கரி நெடுநேரம் கனலும்.